ஸ்கூட்டர் பேனலை வீட்டிலேயே மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் முதலில் உள்ளே பாருங்கள்

கேட்டது இதுதான்: ஹோண்டா டியோ, தெருமுனையில் கொட்டிக் கிடந்த எம்-சாண்டில் சறுக்கி இடது பக்கமாக விழுந்திருக்கிறது. ஓட்டியவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வண்டியில் இடது சைடு பேனல் பின்பக்கம் பிளந்துவிட்டது, முன் பேனலில் ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், முன் மட்கார்டில் கீறல். ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழக்கம் உண்டு, மெக்கானிக் வேலை தெரியாது, வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். என்ஜினைத் தொட வேண்டியதில்லை, சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை, பெரிய கருவி எதுவும் வேண்டாம். முதல் தடவை என்றால் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் முடியும். இரண்டாம் தடவை அதில் பாதி நேரம்தான் ஆகும்.

ஆனால் பேனலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் உடைந்த பேனலைக் கழற்றி, அதற்குப் பின்னால் என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள். நிறைய பேர் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். பேனல் வரும், மாட்டப் பார்ப்பார்கள், உட்காராது, பேனலைக் குறை சொல்வார்கள். என் அண்ணியின் வண்டியில் நான் அதைத்தான் செய்தேன். புது சைடு பேனல், வால் பக்கத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி நின்றது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை முறுக்கினேன், இடைவெளி மறைந்தது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஸ்க்ரூ துளையைச் சுற்றிச் சிலந்திக் கால் மாதிரி நாலு பக்கமும் விரிசல். திரும்பக் கழற்றியபோதுதான் தெரிந்தது, அந்த ஸ்க்ரூ போய் உட்காரும் இரும்புப் பட்டை விழுந்த வேகத்தில் ஒரு பென்சில் தடிமன் அளவுக்கு உள்ளே மடங்கியிருந்தது. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை அதில் மாட்டி வெளியே இழுத்து நிமிர்த்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை முதலிலேயே செலவழித்திருந்தால் ஒரு பேனல் விலை மிச்சம். அடுத்து வாங்கிய பேனல் அழுத்தாமலேயே போய் உட்கார்ந்தது.

பட்டை வளைந்திருக்கிறதா என்று வெறும் கண்ணால் சொல்வது கஷ்டம். அடிபடாத பக்கம்தான் உங்களுக்கு அளவுகோல். வலது பேனலையும் கழற்றிவிட்டு, சீட் கீல் போல்ட்டிலிருந்து பட்டையின் துளை வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட நிமிர்த்திவிட்டுத்தான் புதுப் பேனல். முன்பக்கத்துக்கும் இதே கதைதான், ஹெட்லைட்டையும் முன் பேனலையும் தாங்கும் இரும்புச் சட்டம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால் ஹெட்லைட் வெளிச்சம் சாலையோரத்து வேப்ப மரத்தைத்தான் காட்டும்.

அதோடு ஹேண்டிலையும் பார்த்துவிடுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரத்தை நேராக வைத்து, பின்னால் நான்கடி தள்ளி நின்று பாருங்கள். சக்கரம் நேராக இருக்க ஹேண்டில் கோணலாக இருந்தால், அல்லது ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் எங்காவது இறுகிப் பிடித்தால், பேனல் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்த வண்டிக்குப் புது முன் பேனல் போடுவது பணத்தைக் கொட்டுவது மட்டுமில்லை, வண்டி சரியாகிவிட்டது என்ற நினைப்பில் அதை ஓட்டுவீர்கள், அதுதான் ஆபத்து. பிரேக் லீவர் வளைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். நிமிர்த்திய லீவர் என்றைக்காவது அவசரமாகப் பிடிக்கும்போது ஒடியும்.

கழற்றுவதற்கு முன் இன்ஷூரன்ஸையும் யோசித்துவிடுங்கள். க்ளெய்ம் செய்யும் எண்ணம் இருந்தால் எதையும் தொடாமல் நாலு பக்கமும் படம் எடுத்துக் கம்பெனிக்குச் சொல்லுங்கள், சர்வேயர் பார்ப்பதற்கு முன் கழற்றினால் பேச்சு சிக்கலாகும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்வார்கள், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்திருந்தால் மட்டும்தான் பெரும்பகுதி கிடைக்கும். க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும், அது க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 வரை ஏறும் பிரீமியம் சலுகை. ஒரு சைடு பேனலுக்காக அதை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்பக்கம் முழுக்க நொறுங்கி, ஹெட்லைட்டும் போய், ஃபோர்க்கும் வளைந்திருந்தால் கணக்கு வேறு. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, உங்கள் வண்டிக்கு அதில் எதுவும் கிடைக்காது.

சரி, இப்போது எதை மாற்றுவது, எதை ஒட்டுவது. டியோவுக்கு வெளிப் பேனல் பிளாஸ்டிக். ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் மாதிரி வண்டிகளில் சில பாகங்கள் தகரம், சில பிளாஸ்டிக், அதனால் சந்தேகமிருந்தால் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துவந்து வைத்துப் பாருங்கள். தகரம் நசுங்கியிருந்தால் அது டிங்கரிங், பெயின்டிங் ஆள் வேலை, வீட்டில் சுத்தியலால் தட்டினால் நசுங்கல் விரிந்து இன்னும் அசிங்கமாகும். முழுப் பேனலாகக் கிடைத்தால் மாற்றுவதில் பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை, பழைய தகரத்தின் விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதைத் தவிர.

பிளாஸ்டிக்கில் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பேனலைத் திருப்பி உள்பக்கம் பார்த்தால் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்து பொறித்திருக்கும். ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ இருக்கும். பிரேக்கில் வரும் ஏபிஎஸ் வேறு, இது பிளாஸ்டிக்கின் பெயர். பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும் பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ். கால் வைக்கும் இடம், உள் பேனல், அடியில் வரும் கறுப்புப் பாகங்கள் பெரும்பாலும் பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன், தண்ணீர் வாளியின் ஜாதி. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும், அதனால் ஒட்டும். பிபியில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, எம்-சீல் வைத்தாலும் ஒரு மாதத்தில் தோல் உரிவது மாதிரி உரிந்து வரும். பிபியில் விரிசல் என்றால் இரண்டு பக்கமும் சிறு துளை போட்டு கேபிள் டை கோத்து இழுத்துக் கட்டுவதுதான் வீட்டில் செய்யக்கூடிய உறுதியான வழி. கறுப்புப் பாகத்தில் கறுப்பு டை, பார்வைக்கும் பெரிதாக உறுத்தாது.

உங்கள் முன் பேனலில் ஒரு சாண் விரிசல்தான், துண்டு எதுவும் காணாமல் போகவில்லை என்றால் அதை மாற்றவே வேண்டாம் என்பது என் எண்ணம். உடைந்த சைடு பேனலின் உதவாத துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் போட்டு, அவை மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி ஒரு இரவு வையுங்கள். காலையில் கூழ் மாதிரி ஆகியிருக்கும். விரிசல் முடியும் முனையில் இரண்டு மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு துளை போட்டால் விரிசல் அதற்கு மேல் ஓடாது. இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண், அடுத்த ஸ்பீட் பிரேக்கரில் விரிசல் தொடரும். பிறகு உள்பக்கம் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, விரிசலின் இரண்டு உதடுகளையும் வெளியிலிருந்து டேப் ஒட்டிச் சேர்த்துப் பிடித்து, உள்ளே கூழைத் தடவி, ஸ்டீல் கொசுவலைத் துண்டு ஒன்றை அதில் பதித்து, மேலே இன்னொரு பூச்சு. முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள். வெளிப் பெயின்ட் மேல் அசிட்டோன் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் போய்விடும், அதனால் வேலை முழுக்க உள்பக்கம் மட்டும். மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துச் செய்யுங்கள், அசிட்டோன் ஆவி அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் இருக்கவே கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் போதுமா என்று கேட்பார்கள், அசிட்டோன் இல்லாத ரிமூவர்களும் விற்கின்றன, புட்டியில் படித்துப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் அசிட்டோனாகவே வாங்குங்கள்.

சைடு பேனல் பிளந்து, லாக்குகளும் உடைந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். லாக் என்று நான் சொல்வது பேனலின் உள்விளிம்பில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக். வண்டியில் பேனலைப் பிடித்திருப்பது ஸ்க்ரூவைவிட இந்த நாக்குகள்தான். ஸ்க்ரூ சும்மா அசையாமல் நிறுத்துகிறது, பாரத்தைத் தாங்குவது லாக். பேனல் வெளியே நன்றாக இருந்து லாக் மட்டும் போயிருந்தால் கடகடவென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும், கடைசியில் ஸ்க்ரூ துளையும் உடையும்.

வாங்கும்போது ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். ‘டியோ, கறுப்பு’ என்று மட்டும் சொன்னால் தப்பான பேனல் வரும். 2020இல் வந்த பிஎஸ்-6 டியோவில் முன்சக்கரம் 12 அங்குலமானது, டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வந்தது, அதனால் பழைய டியோ மட்கார்டு அதற்குச் சேராது. ஹோண்டா பார்ட் நம்பரில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும், 61100 என்று தொடங்கினால் முன் மட்கார்டு. நடுவில் வரும் மூன்று குறி எந்த மாடலுக்கு என்பது, கடைசியில் ஒட்டிவரும் எழுத்துகள் நிறத்துக்கு. இதைத் தெரிந்துகொண்டால் ஆன்லைனில் வாங்கும்போதும் ஏமாற மாட்டீர்கள்.

லோக்கல் பேனல், அதாவது ஹோண்டா அல்லாத வேறு ஆட்கள் செய்தது, பாதி விலைக்குக் கிடைக்கும். நான் மட்கார்டு மாதிரி தனியாக நாலு போல்ட்டில் நிற்கும் பாகத்துக்கு லோக்கல் வாங்குவேன், சைடு பேனலுக்கு வாங்க மாட்டேன். சைடு பேனல் முன்னால் ஃப்ளோர், பின்னால் டெயில் லைட், மேலே சீட் என்று மூன்று பக்கமும் வேறு பாகங்களோடு விளிம்பு சேர வேண்டும், அச்சு இரண்டு மில்லிமீட்டர் தப்பினாலும் கண்ணில் குத்தும். லோக்கல்தான் என்று முடிவு செய்தால் பெயின்ட் அடிப்பதற்கு முன், ஒரு ஸ்க்ரூகூட ஏற்றாமல் கையால் பொருத்திப் பாருங்கள். ஸ்க்ரூ ஏறிய தடம் இருந்தால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.

சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனி பேனல், என் பார்வையில், புது லோக்கலைவிட மேல். ஆனால் பெயின்டைப் பார்த்து வாங்காதீர்கள், பேனலைத் திருப்பி லாக்குகளை எண்ணுங்கள். உங்கள் உடைந்த பேனலைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் போதும். ஸ்க்ரூ துளையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அந்த இடம் ஒருமுறை வளைந்து சோர்ந்துவிட்டது என்று அர்த்தம், ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடைவதற்கு முன் அப்படித்தான் வெளுக்கும். அந்தப் பேனல் வேண்டாம்.

கருவிகளுக்கு வருவோம். நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று குட்டை, ஒன்று நீளம். 8, 10, 12 பாக்ஸ் ஸ்பேனர். ஒரு 5 எம்எம் ஆலன் கீ. பேனலை நெம்புவதற்கு இரும்பு வேண்டாம், பழைய பிளாஸ்டிக் ஸ்கேலோ தோசைக்கல்லில் போடும் நைலான் கரண்டியோ போதும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஜப்பானியக் கம்பெனி வண்டிகளின் ஸ்க்ரூ தலைவெட்டு நம் சாதாரண ஸ்டாரிலிருந்து கொஞ்சம் வேறு வகை, சில தலைகளில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். முனை தேய்ந்த டிரைவரை வைத்துத் திருகினால் வழுக்கித் தலை மழுங்கும். டிரைவரை உள்ளங்கையால் அழுத்தி, முக்கால் பலம் அழுத்த, கால் பலம் திருக. அசையாவிட்டால் டிரைவரை வைத்து அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி.

ஒரு அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்து அதில் வண்டியின் உருவத்தை உத்தேசமாக வரைந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றக் கழற்ற அது இருந்த இடத்திலேயே படத்தில் குத்திவையுங்கள். ஸ்கூட்டரில் ஸ்க்ரூக்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நீளம் வேறு. கூர்முனை ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் நேரே ஏறுவது, மொட்டைமுனை ஸ்க்ரூ இரும்புக் கிளிப் நட்டில் ஏறுவது. நீளமானது குட்டையின் இடத்துக்குப் போனால் பேனலின் வெளிப்பக்கம் முட்டித் தள்ளும், இல்லையென்றால் உள்ளே ஒயரைக் குத்தும். ஒயரைக் குத்தியது அன்றைக்குத் தெரியாது, முதல் மழையில் ஃபியூஸ் போகும்போதுதான் தெரியும்.

கழற்றும் நேரம் பற்றி ஒன்று. நம் ஊர் வெயில் இதற்கு ஒரு வரம். வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு நிழலுக்குக் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் இளகி லாக்குகள் வளைந்து கொடுக்கும். மார்கழிக் காலையில் ஆறு மணிக்குக் கழற்றினால் அதே லாக் ‘டக்’ என்று ஒடியும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் ஹேர் டிரையர் காட்டிக்கொள்ளுங்கள்.

சாவியை எடுத்துவிடுங்கள், பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட். சைடு ஸ்டாண்டில் வைத்து வேலை செய்யவே கூடாது, பின்சீட்டுக்காரர் பிடிக்கும் கிராப் ரெயிலின் போல்ட்டைத் திருகும் பலத்தில் வண்டி உங்கள் மேல் சாயும்.

சைடு பேனலுக்கு வழி பின்னாலிருந்துதான். சீட்டைத் திறந்து, தேவைப்பட்டால் உள்ளே இருக்கும் சாமான் பெட்டியைக் கழற்றி எடுத்து, பின்னால் பிடிக்கும் கிராப் ரெயிலின் போல்ட்டுகளை எடுங்கள், பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அது பேனல்களின் மேல் அமர்ந்திருக்கும். பிறகு டெயில் லைட் பக்கத்தில் இரண்டு பேனலையும் சேர்க்கும் நடுத்துண்டு, அதன் பிறகே சைடு பேனல். கண்ணுக்குத் தெரியும் ஸ்க்ரூ எல்லாம் எடுத்தும் பேனல் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். இன்னும் ஒன்று எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் மூடிக்கு அடியில், மிதியடிக்கு அடியில், அடிப்பக்கம் தரையைப் பார்த்தபடி சேறு அப்பிக்கிடக்கும் இடத்தில், வண்டியின் பெயர் பொறித்த மோனோகிராம் பட்டைக்குப் பின்னால் என்று தேடுங்கள். முன் உள்பேனலில் காய்கறிப் பை மாட்டும் கொக்கி இருக்கிறதல்லவா, பல வண்டிகளில் அந்தக் கொக்கியின் போல்ட்டும் பேனலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று.

எல்லா ஸ்க்ரூவும் போனபின் பேனலின் ஒரு ஓரத்தை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கி, செல்போன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், லாக் எந்தத் திசையில் பூட்டியிருக்கிறது என்று தெரியும். சில லாக்குகள் நேராக வெளியே வரும், சில முன்னாலோ பின்னாலோ நகர்த்தினால்தான் விடும். ஓரத்து லாக்கில் தொடங்கி ஒவ்வொன்றாக, லாக்குக்கு அருகிலேயே கையை வைத்து இழுக்க வேண்டும். தூரத்து மூலையைப் பிடித்து இழுத்தால் பேனல் நெம்புகோல் மாதிரி ஆகிப் பக்கத்து லாக்கை உடைக்கும்.

சில இடங்களில் ஸ்க்ரூவுக்குப் பதில் கறுப்புப் பட்டன் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். அதில் இரண்டு வகை. ஒன்றில் நடு ஊசியை சின்ன ஸ்க்ரூடிரைவரால் உள்ளே அழுத்தினால் ‘கிளிக்’ என்று இறங்கும், பிறகு மொத்தத்தையும் வெளியே எடுக்கலாம். திரும்ப மாட்டும்போது ஊசியைப் பின்னாலிருந்து தள்ளி மேலே நீட்டவைத்து, கிளிப்பைத் துளையில் வைத்து, ஊசியைச் சமமாகும் வரை அழுத்த வேண்டும். இன்னொன்றில் நடுத் தலையை நெம்பி மேலே தூக்க வேண்டும். எது என்று தெரியாமல் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுப்பதுதான் கிளிப் உடைவதற்குக் காரணம்.

டியோவின் முன் பேனலில் ஒரு எச்சரிக்கை. ஆக்டிவாவில் ஹெட்லைட் ஹேண்டிலில் இருக்கும், டியோவில் முன் பேனலிலேயே இருக்கிறது. எனவே பேனல் கையோடு வரும்போது ஒயரும் சேர்ந்து வரும். ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஹெட்லைட், இண்டிகேட்டர் கப்ளர்களை, அதாவது ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிகளை, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரின் பூட்டை அழுத்தி, கப்ளரையே பிடித்து இழுங்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

மாற்றும் பேனலில் நம்பர் பிளேட் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், அதைப் பிடித்திருக்கும் ஸ்னாப் லாக்கை உடைத்துத்தான் எடுக்க முடியும், திரும்பப் பயன்படாது. எடுத்தால் டீலரிடம் கொண்டுபோய் முறையாகப் பொருத்திக்கொள்ளுங்கள், சாதாரண ஸ்க்ரூ போட்டு ஓட்ட வேண்டாம். நிறத்தையும் மாற்றாதீர்கள். சிவப்பு கிடைக்கவில்லை, நீலம் மலிவு என்று வாங்கினால் ஆர்.சி.யில் இருக்கும் நிறம் ஒன்று, வண்டியின் நிறம் ஒன்று என்று ஆகிவிடும்.

பேனல்கள் எல்லாம் கீழே இறங்கிய பின் அந்த எலும்புக்கூட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் பார்க்காத இடம் அது. களிமண், காய்ந்த இலை, சில வீடுகளில் எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு, கடித்த ஒயர். எலி கடித்த ஒயரை அன்றே இன்சுலேஷன் டேப் சுற்றிச் சரிசெய்யுங்கள், உள்ளே செம்பு தெரிந்தால் எலக்ட்ரீஷியனிடம். ஃப்ளோருக்கு அடியில் இருக்கும் இரும்புக் குழாயில் துரு பிடித்திருக்கும், முக்கியமாகக் கடற்கரை ஊர்களில், மிதியடிக்கு அடியில் தண்ணீர் தேங்கும் வண்டிகளில். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு ஒரு கை அடித்துவிடுங்கள். இதற்காகவே தனியாகப் பேனலைக் கழற்ற யாரும் உட்கார மாட்டோம், அதனால் இன்றைக்கே.

மாட்டுவது கழற்றியதற்குத் தலைகீழ், ஆனால் பழகாத கை தப்பு செய்வது இங்கேதான். முதலில் லாக்குகள் எல்லாம் உட்கார வேண்டும். பேனலை வைத்து, ஒவ்வொரு லாக்கும் இருக்கும் இடத்தில் உள்ளங்கையால் தட்டி, சத்தம் கேட்டு நகருங்கள். பிறகு எல்லா ஸ்க்ரூவையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். எதையும் இறுக்காதீர்கள். எல்லாம் ஏறியபின், விளிம்புகளைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, கடைசியில் ஒரு சுற்று வந்து இறுக்குங்கள். ஒரு ஸ்க்ரூவை முதலிலேயே முழுக்க இறுக்கினால் எதிர்மூலைத் துளை நிச்சயம் விலகி நிற்கும்.

பிளாஸ்டிக்கில் ஏறும் கூர்முனை ஸ்க்ரூவுக்கு ஒரு முறை உண்டு. துளையில் வைத்து முதலில் இடது பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் ஸ்க்ரூ லேசாக ‘டுக்’ என்று கீழே இறங்கும், விரலில் தெரியும். அது பழைய மரையில் விழுந்துவிட்டது. அங்கிருந்து வலது பக்கம் திருகினால் வெண்ணெயில் போவது மாதிரி போகும். இப்படிச் செய்யாமல் நேரே திருகினால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டும், நாலாவது தடவை துளை லொடலொடவென்று ஆகிவிடும். இறுக்கம் என்பது ஸ்க்ரூ தலை பேனலைத் தொட்டபின் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். ரப்பர் வாஷர் இருந்த இடத்தில் ரப்பர் வாஷர் திரும்ப இருக்க வேண்டும், அதிர்வை வாங்கிக்கொள்வது அதுதான்.

பெயின்ட் அடிக்காத பேனல் வாங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, 600 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர், பிறகு நிறம், பிறகு கிளியர். ஆனால் பேர்ல் வெள்ளை, மெட்டாலிக், மேட் நிறங்களை ஸ்ப்ரே டப்பாவில் பொருத்துவது நடக்காத காரியம், அவற்றைக் கலர் அடித்து வரும் கம்பெனி பேனலாகவே வாங்குங்கள். பழைய பேனல்கள் வெயிலில் வெளுத்திருப்பதால் கம்பெனி நிறமே கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். சைடு பேனலில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இடதும் வலதும் ஒரே நேரத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. முன் பேனலும் மட்கார்டும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிபவை, அங்கேதான் வித்தியாசம் தெரியும். உங்கள் மட்கார்டில் வெறும் கீறல்தானே, அதை அப்படியே விட்டுவிடலாம்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் அப்படியே பின்பற்றாதீர்கள். மட்கார்டு, கண்ணாடி வரை சரி. பேட்டரி, மோட்டார் ஒயர் போகும் பேனல்களை ஷோரூமிலேயே கழற்றச் சொல்லுங்கள், வாரன்டியும் அதில் அடங்கியிருக்கிறது.

பேட்டரி ஒயரை மாட்டியபின் ஹெட்லைட், இரண்டு பக்க இண்டிகேட்டர், ஹார்ன், பிரேக் லைட் எல்லாம் பாருங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை முழு இடது, முழு வலது என்று திருப்புங்கள். திருப்பும்போது என்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் ஏதோ ஒரு பேனலுக்குள் சிக்கியிருக்கிறது, உடனே நிறுத்திக் கழற்றுங்கள், அப்படியே ரோட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும், இரண்டு பிரேக் லீவரும் முன்பு இருந்த அளவுக்கே அழுந்த வேண்டும். பின்சக்கரம் சுற்றும், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தெருவில் ஒரு சுற்று, ஸ்பீட் பிரேக்கர் இருக்கும் பக்கமாகப் பார்த்து, மெதுவாக. எங்காவது கடகடவென்று கேட்டால் வண்டியை நிறுத்தி ஒவ்வொரு பேனலையும் விரல் மடக்கித் தட்டுங்கள், உட்காராத லாக் தட்டும்போதே காட்டிக்கொடுக்கும். பத்து நாள் ஓட்டியபின் டிரைவரை எடுத்து எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், தளர்ந்தது மட்டும் கால் சுற்று. அசிட்டோன் கூழ் மீதமிருந்தால் மூடியை இறுக்கி வெயில் படாத இடத்தில் வையுங்கள், அடுத்த தடவை உறைந்திருந்தால் கொஞ்சம் அசிட்டோன் விட்டால் மறுபடி இளகும்.